இதயத்தைத் தொடாத மருந்து

வீட்டில் ஒருவருக்குக் கீமோ ஏற்றியிருந்தால் இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. கட்டி இருப்பது மார்பில். தலைமுடி ஏன் கொட்டுகிறது? வாய் ஏன் புண்ணாகிறது? சாப்பாட்டைக் கண்டாலே ஏன் குமட்டுகிறது? இன்னொரு கேள்வியை மருத்துவரே எழுப்பிவிடுவார். "அடுத்த தடவை வர்றப்ப ஒரு எக்கோ எடுத்துட்டு வந்துடுங்க" என்பார். மார்புக் கட்டிக்கு மருந்து தருகிறவர் இதயத்தை ஏன் சோதிக்கிறார்?

டிரிப்ஸ் வழியாக ரத்தத்தில் கலக்கும் மருந்துக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் உடலை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. கட்டிக்குப் போகும் அதே ரத்தம்தான் மயிர்க்கால்களுக்கும் குடலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் இதயத்தசைக்கும் போகிறது. மருந்தும் கூடவே போகிறது. மருந்தைக் கட்டிக்கு மட்டும் அனுப்ப முடியாதா என்று கேட்டால், நானோ துகள்கள் அதைத்தான் செய்கின்றன என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அவை செய்வது வேறு. அந்த வேறுபாடு புரிந்தால் இந்தத் துறையே புரிந்துவிடும்.

சிவப்பு மருந்து

இந்த அத்தியாயத்தில் நாம் பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் பின்தொடரப் போகிறோம். அதன் பெயர் டாக்சோரூபிசின்.

1950-களில் இத்தாலியின் ஃபார்மிதாலியா நிறுவனத்தினர் ஊர் ஊராக மண் எடுத்து, அதில் வாழும் நுண்ணுயிரிகள் என்னென்ன சுரக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்கு இத்தாலியில் காஸ்தெல் தெல் மோன்தே என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று உண்டு. அதன் அருகே எடுத்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியா ஒன்று சிவப்பு நிறப் பொருளைச் சுரந்தது. அந்தப் பொருள் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. பிறகு அந்தப் பாக்டீரியாவின் மாற்றுரு ஒன்றிலிருந்து கிடைத்ததுதான் டாக்சோரூபிசின். அட்ரியாடிக் கடலை நினைவுபடுத்தும்படி அதற்கு 'அட்ரியாமைசின்' என்று வணிகப் பெயர் வைத்தார்கள். ரத்தப் புற்று, மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று எனப் பலவற்றில் இன்றும் அது முன்னணி மருந்து. டிரிப்ஸ் பையில் செக்கச்செவேல் என்று தெரியும். ஏற்றியபின் ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும்.

செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். டாக்சோரூபிசின் அந்த இழைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு வேலையைக் குலைத்துவிடுகிறது. வேகமாகப் பிரியும் செல்கள்தான் முதலில் சாகின்றன. புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பிரிபவை. மயிர்க்கால், வாயின் உட்சவ்வு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் அப்படியே. முடி கொட்டுவதன் காரணம் இதுதான். மருந்தை நிறுத்தினால் முடி மறுபடி வளர்ந்துவிடும்.

இதயத்தின் கதை அப்படியல்ல. இதயத்தசைச் செல்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை. ஆனாலும் டாக்சோரூபிசின் வேறு வழியில் அவற்றைக் கெடுக்கிறது. செத்த இதயத்தசைக்கு ஈடாகப் புதியது வளர்வது மிக அரிது என்பதால் பாதிப்பு ஒவ்வொரு ஊசியிலும் கூடிக்கொண்டே போகும். ஆகவே வாழ்நாள் முழுவதற்குமாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 550 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 60 மில்லிகிராம் என்று கொண்டால், ஒன்பதாவது தடவையோடு கணக்கு முடிந்தது. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும், கட்டி சுருங்கிக்கொண்டிருந்தாலும், நிறுத்தித்தான் ஆக வேண்டும். கையில் நல்ல ஆயுதம் இருந்தும் அதைக் கீழே வைக்க வேண்டிய இந்த நிலைதான் பல ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது.

தானாகச் சேரும் குமிழி

1960-களின் தொடக்கம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் என்ற ஊரில் உள்ள ஆய்வகத்தில் அலெக் பாங்ஹம் என்பவர், பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பை நீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். நம் செல்கள் ஒவ்வொன்றையும் போர்த்தியிருக்கும் சவ்வு இந்தக் கொழுப்பால் ஆனதுதான். இதன் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை வெறுக்கும். நீரில் விட்டால், நீரை வெறுக்கும் முனைகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி, இரட்டை அடுக்காகச் சேர்ந்து, உருண்டையாக மூடிக்கொள்ளும். நடுவில் துளி நீர் சிறைப்பட்டிருக்கும். யாரும் உருட்டித் தர வேண்டியதில்லை. இதை லிப்போசோம் என்கிறார்கள்; நாம் கொழுப்புக் குமிழி என்று சொல்லிக்கொள்வோம்.

நடுவில் நீர் இருக்கிறது என்றால் அதில் மருந்தையும் வைக்கலாமே? 1971-இல் லண்டனில் கிரிகோரி கிரிகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் இந்த யோசனையை முன்வைத்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

கல்லீரல் விடாது

ஏமாற்றத்துக்குக் காரணம் நம் உடலின் காவல் ஏற்பாடு. ரத்தத்தில் திரியும் பாக்டீரியா, கிழடு தட்டிய ரத்த அணு, எந்தத் துணுக்கானாலும் சரி, பிடித்து விழுங்கிச் செரித்துவிடும் செல்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நிறைந்திருக்கின்றன. விழுங்கு செல்கள் என்று இவற்றை அழைக்கலாம். அந்நியத் துகள் ஒன்று ரத்தத்தில் நுழைந்ததுமே சில புரதங்கள் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதங்கள்தான் விழுங்கு செல்களுக்கு அடையாளம். கொழுப்புக் குமிழிகளில் பெரும்பகுதி சீக்கிரமே கல்லீரலுக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யெகஸ்கேல் பாரன்ஹோல்ஸ், மருத்துவர் அல்பெர்த்தோ கபிஸோன் ஆகிய இருவரும் 1980-களில் டாக்சோரூபிசினைக் குமிழியில் ஏற்றி நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். தோல்வி. இரண்டு காரணங்கள் தெரிந்தன. குமிழியிலிருந்து மருந்து வழியிலேயே கசிந்துவிடுகிறது. கசியாத குமிழியைக் கல்லீரல் விழுங்கிவிடுகிறது. தோற்ற சோதனையை அவர்கள் மூடி வைத்துவிடவில்லை. எங்கே, எதனால் தோற்றது என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். பின்னால் வந்த வெற்றியின் வரைபடம் முழுவதும் அந்தத் தோல்விக்குள்தான் இருந்தது.

இரண்டாவது சிக்கலுக்கு விடை, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட இழை மூலக்கூறு. சுருக்கமாகப் பெக் என்பார்கள். மலச்சிக்கல் மருந்துகளிலும் களிம்புகளிலும்கூட இருப்பது. குமிழியின் மேற்பரப்பில் இந்த இழைகளை நட்டுவிட்டால் அவை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குமிழியைச் சுற்றி ஒரு நீர்ப்படலம். அடையாளப் புரதங்கள் அந்தப் படலத்தைத் தாண்டி ஒட்ட நேரமெடுக்கும். கல்லீரல் கடைசியில் விழுங்கத்தான் செய்யும், ஆனால் உடனே அல்ல. டாக்சோரூபிசின் தனியாகப் போனால் ரத்தத்தில் அதன் அளவு நிமிடங்களில் சரிந்துவிடும். பெக் போர்த்திய குமிழியில் போனால் பாதியாகக் குறைவதற்கே இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது.

போகலாம், வர முடியாது

முதல் சிக்கல் கசிவு. இதற்குக் கண்டுபிடித்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓடையில் மீனவர்கள் பறி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் ஈர்க்குகளால் முடைந்த கூடு. வாய் அகலமாகத் தொடங்கி உள்ளே ஒடுங்கும். மீன் உள்ளே போகலாம், திரும்பி வர வழி தெரியாது. இங்கே செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் பறியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முதலில் அம்மோனியம் சல்பேட் கரைசலில் வைத்துக் குமிழிகளை உருவாக்குகிறார்கள். ஆகவே ஒவ்வொரு குமிழிக்குள்ளும் அந்த உப்பு இருக்கிறது. பிறகு வெளியே உள்ள உப்பை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். இப்போது உள்ளே உப்பு, வெளியே இல்லை. உள்ளிருந்து அம்மோனியா மெல்லச் சவ்வைக் கடந்து வெளியேறும். அது போகப் போகக் குமிழியின் உட்புறம் அமிலமாக மாறும்.

அடுத்து வெளியே டாக்சோரூபிசினைக் கலந்து ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். இந்த மூலக்கூறு மின்னேற்றம் இல்லாத நிலையில் கொழுப்புச் சவ்வை எளிதாகக் கடக்கும். உள்ளே நுழைந்ததும் அங்குள்ள அமிலம் அதற்கு மின்னேற்றம் தந்துவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு கொழுப்பைக் கடக்க முடியாது. அதோடு விடாமல், உள்ளே காத்திருக்கும் சல்பேட் அதைப் பற்றிக்கொண்டு திடமான குச்சியாகப் படிய வைத்துவிடுகிறது. படிந்த மருந்து கரைந்திருக்கும் மருந்தின் கணக்கில் சேராது என்பதால் இன்னும் இன்னும் மருந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். கலந்த மருந்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் குமிழிகளுக்குள் போய்விடுகிறது. ஒரு குமிழிக்குள் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் மூலக்கூறுகள்.

ஏன் 60 டிகிரி? இந்தக் குமிழிகளின் கொழுப்பு சோயாவிலிருந்து எடுத்து ஹைட்ரஜன் ஏற்றிய வகை. 50 டிகிரிக்கு மேல்தான் இளகும். சூடாக்கும்போது சவ்வு இளகி மருந்தை உள்ளே விடுகிறது, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி என்பதால் ரத்தத்தில் அது இறுகியே இருக்கும்.

இப்படிச் செய்த குமிழியின் குறுக்களவு 80 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் சிவப்பணுவின் அகலம் ஏழாயிரத்துக்கு மேல். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவருக்குத் தேவையான 80 மில்லிகிராம் மருந்தை இந்தக் குமிழிகளில் நிரப்பினால் ஐம்பது கோடி கோடிக்கும் மேற்பட்ட குமிழிகள் வேண்டும். அத்தனையும் ஒரு சிறிய டிரிப்ஸ் பையில் அடங்கிவிடுகின்றன.

1995 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி தந்தது. பெயர் டாக்ஸில். அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து என்று இதைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். முதலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கப்போசி சார்கோமா என்ற புற்றுக்கு. 1999-இல் சூலகப் புற்றுக்கு.

ஆயிரம் லிட்டரும் மூன்று லிட்டரும்

மருந்தியலாளர்கள் ஒரு விசித்திரமான கணக்குப் போடுவார்கள். கொடுத்த மருந்து இவ்வளவு. ரத்தத்தில் இப்போது தெரியும் செறிவு இவ்வளவு. அப்படியானால் இந்த மருந்து எத்தனை லிட்டர் நீரில் கலந்திருக்க வேண்டும்? டாக்சோரூபிசினைத் தனியாகக் கொடுத்துக் கணக்கிட்டால், உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 700 முதல் 1100 லிட்டர் என்று விடை வருகிறது. அவ்வளவு நீர் யார் உடம்பிலும் கிடையாது. மருந்து ரத்தத்தை விட்டு வெளியேறி இதயம், தசை, தோல் என எல்லாத் திசுக்களிலும் புகுந்துவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள்.

டாக்ஸிலுக்கு அதே கணக்கைப் போட்டால் சதுர மீட்டருக்கு மூன்று லிட்டருக்கும் குறைவு. அதாவது மருந்து ரத்தக் குழாய்களை விட்டு அதிகம் வெளியேறவே இல்லை. இதயத்தின் நுண்குழாய்ச் சுவர்களில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்திருக்கின்றன. ஒரு நானோமீட்டர் அளவே உள்ள தனி மூலக்கூறு அங்கே எளிதாக நுழைந்துவிடும். 80 நானோமீட்டர் குமிழியால் முடியாது.

இதன் விளைவு நோயாளிகளிடம் எப்படித் தெரிந்தது? பரவிவிட்ட மார்பகப் புற்று உள்ள 509 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய டாக்சோரூபிசினும் இன்னொரு பிரிவுக்குக் குமிழியில் ஏற்றியதும் கொடுத்த ஆய்வின் முடிவுகள் 2004-இல் வந்தன. உயிர் வாழ்ந்த காலம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே: 22 மாதம், 21 மாதம். நோயைக் கட்டுப்படுத்துவதில் குமிழி பெரிதாக எதையும் கூட்டவில்லை. ஆனால் இதயப் பாதிப்பு பழைய மருந்தில் 48 பேருக்கு. குமிழியில் 10 பேருக்கு. முடி உதிர்வு பழைய மருந்தில் 66 விழுக்காடு, குமிழியில் 20.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். குமிழியின் சாதனை கட்டியைத் தேடிப் போனதில் இல்லை. இதயத்துக்குள் போகாமல் இருந்ததில் இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. நாள்கணக்கில் ரத்தத்தில் திரியும் குமிழிகள் உள்ளங்கை, உள்ளங்கால் தோலில் போய்ச் சேர்ந்து சிவப்பும் எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்குகின்றன. அதே ஆய்வில் குமிழி பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு இந்தத் தொல்லை வந்தது. பழைய மருந்தில் 2 விழுக்காடுதான். எந்த நீண்ட ஆயுள் இதயத்தை மருந்திலிருந்து காத்ததோ அதுவே தோலுக்குத் தொல்லை. சட்டைப் பித்தான் போடவும் நடக்கவும் சிரமப்படும் அளவுக்கு இது போகலாம் என்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நூற்றில் ஒன்றுகூட இல்லை

பத்திரிகைகளில் நானோ மருந்தை ஏவுகணை என்று எழுதுவதை அடிக்கடி காண்கிறோம். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1986-இல் ஜப்பானின் குமாமோட்டோவில் ஹிரோஷி மயேதாவும் யசுஹிரோ மட்சுமுராவும் ஒன்றைக் காட்டினார்கள். கட்டிகள் அவசர அவசரமாக வளர்வதால் அவற்றின் ரத்தக் குழாய்கள் ஒழுங்கற்று, கசிவு உள்ளவையாக இருக்கின்றன. பெரிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே வெளியேறிக் கட்டிக்குள் தேங்குகின்றன. நீண்ட நேரம் சுற்றும் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியில் சேரும் என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது.

எவ்வளவு சேரும்? டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு, பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. செலுத்திய துகள்களில் கட்டியை எட்டியது, ஆய்வுகளின் நடுமதிப்பாக, 0.7 விழுக்காடு. ஆயிரத்தில் ஏழு. மற்றவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் எடுத்துக்கொண்டன. அதே குழு 2020-இல் இன்னொரு திருப்பத்தையும் சொன்னது: கட்டிக்குள் போகும் துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஓட்டைகள் வழியே கசிவதில்லை, ரத்தக் குழாயின் செல்களே அவற்றை ஏந்தி மறுபக்கம் விடுகின்றன.

துறைக்குள் பலருக்கு இந்த 0.7 கசந்தது. துகளின் மேல் புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் மூலக்கூறுகளை ஒட்டிவிட்டால் போதும் என்ற எளிய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. எண்ணை மறைக்காமல் வெளியிட்டது துறைக்கு நல்லதே செய்தது என்று நினைக்கிறேன். துகள் எங்கே போகும் என்பதை நாம் எழுதி அனுப்பும் முகவரி தீர்மானிப்பதில்லை; அதன் அளவும் மேற்பரப்பும் உடலின் அமைப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அப்படியானால் கல்லீரலோடு மல்லுக்கட்டுவதைவிட, கல்லீரலின் பசி பயன்படும் இடத்தைத் தேடுவது மேல் அல்லவா?

நோயே கல்லீரலில் இருந்தால்

பீகாரின் ஏழை மக்களை வாட்டிய காலா அசார் என்ற காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். மணல் ஈ கடித்து உடலுக்குள் போகும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி ஒளிந்துகொள்ளும் இடம் எது தெரியுமா? மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள அதே விழுங்கு செல்கள். ஆம்ஃபோடெரிசின் பி என்ற பழைய மருந்து இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைக் கொழுப்புக் குமிழியில் வைத்தால் விழுங்கு செல்கள் தாமாகவே வாரி விழுங்கிக்கொள்கின்றன, சிறுநீரகமும் தப்புகிறது. முசாபர்பூரில் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், குமிழி மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றியவர்களும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று 15 தடவை பழைய மருந்தை ஏற்றியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில், 95 விழுக்காட்டுக்கு மேல், குணமானார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கும் ஒரு நாளில் வீடு திரும்புவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை. 2021-இல் கொரோனாவின் பின்னால் கறுப்புப் பூஞ்சை பரவியபோது நாடெங்கும் தட்டுப்பாடு வந்ததே ஓர் ஊசி மருந்து, அதுவும் இந்தக் குமிழிதான்.

2018-இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்தும் இதே வழியில் போகிறது. கல்லீரலில் உருவாகி நரம்புகளில் படியும் ஒரு கெட்ட புரதத்தைத் தடுக்க, ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றைக் கொழுப்புத் துகளில் வைத்துக் கல்லீரல் செல்களிடமே சேர்க்கிறார்கள். அந்தத் துகளின் நெருங்கிய உறவுகள்தான் ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளுக்குள் இருந்தவை.

எங்கே கறுக்கவில்லை என்று பார்ப்பது

படமெடுப்பதிலும் இதே பசி பயன்பட்டிருக்கிறது. இரும்பு ஆக்சைடு துகள்கள் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலத்தைச் சுற்றுவட்டத்தில் குலைப்பவை. அவை இருக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரலின் விழுங்கு செல்கள் விழுங்கிக்கொள்ள, நல்ல கல்லீரல் முழுவதும் கறுத்துவிடும். வேறு உறுப்பிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்க் கட்டியில் அந்தச் செல்கள் இல்லை. ஆகவே அது கறுக்காமல் வெளிறித் தனித்து நிற்கும். துகள் புற்றுநோயைத் தொடவே இல்லை. தொடாததால்தான் அது புலப்பட்டது. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் இப்படி வேலை செய்தது. இன்று அது சந்தையில் இல்லை. ஆனால் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009-இல் வந்த ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்புத் துகளை ஆய்வாளர்கள் படமெடுக்கவும் எடுத்துக்கொண்டார்கள்.

மருந்து, படம் என்ற இரண்டு பாதைகளும் சந்தித்தது இங்கேதான். 0.7 என்பது நடுமதிப்பு. சில கட்டிகள் துகள்களை நிறைய உள்ளே விடும். சில விடவே விடாது. ஒரே நோயாளியின் உடம்பில் உள்ள இரண்டு கட்டிகள்கூட ஒன்று போல் நடந்துகொள்வதில்லை. யாருக்கு நானோ மருந்து பயன்படும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? 2017-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு முதலில் ஃபெருமாக்சிட்டால் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு இரினோடெகான் என்ற வேறொரு கீமோ மருந்தைக் கொழுப்புக் குமிழியில் கொடுத்தார்கள். இரும்புத் துகளை அதிகம் ஏற்றுக்கொண்ட கட்டிகள் பிறகு அதிகம் சுருங்கின.

பங்கேற்றவர்கள் பதினைந்து பேர்தான். மருத்துவமனை நடைமுறையாக மாறுவதற்குப் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் மருந்தை ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து பார்ப்பதற்குப் பதிலாக, இந்தக் கட்டி குமிழியை உள்ளே விடுமா என்று முதல் டிரிப்ஸுக்கு முன்னாலேயே கேட்கலாம் என்பதை அந்தப் பதினைந்து பேரும் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.